குடைப்படம் போட்ட அட்டைப்பெட்டி

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் ஆபீஸ் அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாம்பைப் பார்த்தால்கூட அவர் அப்படிக் கத்தியிருக்க மாட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நீர்ப்பாம்பைக் கையால் விலக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறவர் அவர். அன்றைக்கு அவர் பார்த்தது பாம்பு அல்ல. உடைத்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, இறாலைப் புதைப்பதுபோல ஒழுங்காகப் புதைத்து வைத்திருந்த ஒரு ஹார்ட் டிஸ்க். புதைத்தவர் என் நைனா, அதாவது என் அப்பா. புதைக்க வைத்தது நான்தான் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எண்பதுகளின் கடைசி. எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டில் இருந்தது. கடைத்தெருவோ பஸ்ஸோ வேண்டுமென்றால் படகேறி ஏரியைத் தாண்ட வேண்டும். குப்பத்தில் இருந்த ஒரே காங்கிரீட் கட்டடம், புயலடித்தால் ஊர் ஒதுங்குவதற்காகக் கட்டிய கூடம். புயல் வராத நாட்களில் அதில் ஆடுகள் ஒதுங்கின. அந்த ஆடுகளை விரட்டிவிட்டுத்தான் ஏரியை அளக்கும் ஆபீஸ் உள்ளே வந்தது.

ஏரியில் எந்த மாதம் எவ்வளவு உப்பு, எந்த வலையில் எத்தனை இறால் என்று கணக்கெடுப்பது அவர்கள் வேலை. அதற்குத் தலைவியாக மெட்ராஸிலிருந்து வந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரரைத்தான் நாங்கள் ஆபீஸ் அம்மா என்றோம். அவரோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் கட்டி, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோலப் படகில் அழைத்து வந்தார்கள். அது உட்காருவதற்கு ஓர் அறை. அந்த அறையைக் குளிரவைக்க ஒரு ஏசி. குப்பத்தில் பாதி வீட்டில் மின்விசிறியே கிடையாது. இயந்திரத்துக்கு எதற்கு இவ்வளவு குளிர்ச்சி என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். இறாலுக்கு ஐஸ் மாதிரி இதற்கு ஏசி போலிருக்கிறது என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்தோம்.

அந்தக் குளிர் அறைக்குள் தினமும் போய் உட்காரும் உரிமை குப்பத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. என் அக்கா. பதினெட்டு வயது. எங்கள் குப்பத்தில் பத்தாவது தேறிய முதல் பெண். மெட்ராஸிலிருந்து வந்த பையன்களுக்கு வலைகளின் பெயரும் மீன்களின் பெயரும் பிடிபடவில்லை. அக்காவுக்கு அவை தண்ணி பட்ட பாடு. அதனால் கணக்குச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை ஆபீஸ் அம்மா அவளுக்குக் கொடுத்தார். காலையில் பாவாடை தாவணியில் போனவள், மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது கைகால் எல்லாம் ஜில்லென்று இருப்பாள். நான் ஓடிப்போய் அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.

இதில் ஒருவருக்கு மட்டும் சந்தோஷமில்லை. சுண்ணாம்புக்குளத்தில் இருந்த அத்தை, நைனாவின் கூடப்பிறந்தவள். அக்கா பிறந்த அன்றே அவளைத் தன் மகனுக்கு என்று கேட்டு வாங்கியிருந்தாள். நைனாவும் வாக்குக் கொடுத்திருந்தார். அத்தை வரும்போதெல்லாம், மருமகள் பெட்டிமுன் உட்கார்ந்து டைப் அடிப்பதைப் பற்றிச் சுண்ணாம்புக்குளத்தில் என்னென்ன பேசுகிறார்கள் என்பதைச் சொல்லி அழுதுவிட்டுப் போவாள். நைனா கிழிந்த வலையை முடிந்துகொண்டிருப்பார்.

ஒருநாள் அக்கா முகம் செத்து வீட்டுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது என்றாள். உள்ளே இருந்த டிஸ்கில் இனி ஒரு சீட்டுக்குக்கூட இடமில்லை. இன்னொரு டிஸ்க் வாங்கி உள்ளே பூட்ட வேண்டும். பூட்டினால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கும். இல்லாவிட்டால் குப்பத்தில் ஆபீஸை மூடிவிட்டு மெட்ராஸுக்கே போய்விடுவார்கள். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அரிசிப் பானை நிறையும், தண்ணீர்க் குடம் நிறையும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் போய் ஒரு இரும்புப் பெட்டியை நிறைக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மெட்ராஸிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். நானும் அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டேன். அவர் பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றி மூடியை முன்னால் இழுத்ததும் எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. உள்ளே எவ்வளவோ இருக்கும் என்று நினைத்தேன். பாதிக்கு மேல் காலி. ஒரு மூலையில் செங்கல் அளவுக்கு ஒரு டிஸ்க். அதற்குப் பக்கத்தில் அதே அளவில் ஒரு வெற்றிடம். "இது ரெண்டாவது டிஸ்குக்குன்னே விட்ட இடம்தான்" என்றார் அவர். மறுபடி தன்னால் அவ்வளவு தூரம் வர முடியாது, டிஸ்க் வந்தால் அக்காவே பூட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பூட்டும் விதத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் தண்டவாளம்போல ஒரு சட்டம், நான்கு திருகாணி, அகலமான சாம்பல்நிற வார், மின்சாரத்துக்கு நான்கு கம்பி. பின்னால் இருக்கும் முட்களில் ஒரு குட்டித் தொப்பியை இடம் மாற்றிச் செருக வேண்டும். மறந்தால் இரண்டு டிஸ்கும் அக்கா தங்கைபோல நான்தான் மூத்தவள் என்று சண்டை போடும் என்றார். அக்கா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர் சொன்னதில் எனக்கு இரண்டுதான் மனதில் நின்றன. ஒன்று அந்த அக்கா தங்கைச் சண்டை. இன்னொன்று, இதற்கெல்லாம் சூடு ஆகாது, அதற்குத்தான் ஏசி.

அதற்கப்புறம்தான் நைனா அந்த வார்த்தையை விட்டார். ஆபீஸ் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, பெண்ணின் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டார். நைனாவுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வரவில்லை.

"அந்த ரெண்டாவது டிஸ்க் வந்து, பொட்டியில பூட்டி, ஓடுச்சின்னா அவ வேலைக்குப் போவட்டும்மா. ஓடலைன்னா ஆவணியில கல்யாணம். ஒரே பேச்சு" என்றார்.

ஆறு மாதமாக ஒரு நாற்காலி கேட்டும் அனுப்பாத தலைமை ஆபீஸ் டிஸ்கா அனுப்பப்போகிறது என்று பிறகு என் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். நாற்காலி கடைசி வரை வரவில்லை. டிஸ்க் வந்தது.

கத்திரி வெயிலில் ஒருநாள். மீஞ்சூரிலிருந்து திருப்பாலைவனம் வழியாக வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் பார்சல் வருகிறது என்று தகவல். ஆபீஸ் அம்மா ஏரியின் வடகோடிக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் திரும்புவார். நைனா எப்படியும் இறாலை வியாபாரியிடம் போட்டுவிட்டு ஐஸ் வாங்கிவரப் பழவேற்காட்டுக்குப் போகிறவர். அவரையே வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். அக்கா கரைவரைக்கும் வந்தாள். "நைனா, பத்திரம் நைனா" என்று மூன்று தரம் சொன்னாள். விடுமுறை என்பதால் நானும் படகில் தொற்றிக்கொண்டேன்.

நைனாவுக்குப் படகுக்கு அடுத்தபடியாக ஒரு சொத்து இருந்தது. தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ரேடியோ. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அது சொல்லாமல் அவர் பாய் விரிக்க மாட்டார். தண்ணீர் படாமல் பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டித்தான் அதைப் படகில் ஏற்றுவார். அன்றைக்கு அந்தப் பை கிழிந்துவிட்டது என்று போகும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பஸ் வந்தது. கண்டக்டர் கொடுத்த அட்டைப்பெட்டியை நான்தான் முதலில் வாங்கினேன். கனம் கையை இழுத்தது. பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையில் ஒரு கண்ணாடித் தம்ளர், மேலே பார்க்கும் இரண்டு அம்பு, ஒரு குடை.

"இன்னாத்துக்குப் பாப்பா குடை?" என்று நைனா கேட்டார்.

எனக்குக் கேள்வி கேட்டால் பதில் தெரியாமல் இருந்ததே கிடையாது. "வெயில் படக்கூடாதுன்னு நைனா. அதுக்குச் சூடு ஆவாது. மெக்கானிக்கே சொன்னாரு. அதுக்குத்தான் ஏசி" என்றேன். தலைக்குமேல் அப்படி ஒரு வெயில். எதிரே பத்துப் பேர் குடை பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். குடை வேறு எதற்கு?

நைனா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னை ஐஸ் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே நாலைந்து பேர் முன்னால் மறுபடி கேட்டார். "சொல்லு பாப்பா, இதுக்குச் சூடு ஆவாதுன்னு யாரு சொன்னது?" நான் இன்னும் உரக்கச் சொன்னேன். ஐஸ் கடை பாய் ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

நைனா அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தைக்குள் வெள்ளிபோல மின்னும் கெட்டியான ஒரு பை. அந்தப் பைக்குள் டிஸ்க். பையிலிருந்து டிஸ்கை உருவி, எங்கள் ஐஸ் பெட்டியில் உடைத்துப் போட்டிருந்த ஐஸின்மேல் கிடத்தினார்.

"இன்னாப்பா, இரும்பக் கொண்டாந்து ஐஸ்ல போடுற? துரு ஏறாதா?" என்றார் பாய்.

"பாப்பா படிக்கிற புள்ள பாய். அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?"

"அப்ப பையோட வைக்கிறதுதானே?"

"பையோட வச்சா குளிர் எப்படி ஏறும்? எறாவப் பையோடவா வைக்கிறோம்?"

நைனா மேலே இன்னும் இரண்டு கூடை ஐஸைக் கொட்டி மூடியைச் சாத்தினார். நல்ல பையை வீணாக்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அந்த வெள்ளிப் பைக்குள் ரேடியோவைப் போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, என் மடியில் வைத்தார். "தண்ணி தெறிக்காம பாத்துக்க" என்றார். ஏரி முழுக்க அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். இவ்வளவு முக்கியமான ஒரு பொருளை இவ்வளவு புத்திசாலித்தனமாகக் கொண்டுவருகிற குடும்பம் ஏரிக்கரையிலேயே நாங்கள் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்ததும் ஆபீஸ் அம்மா, "பார்சல் எங்கே?" என்றார். நைனா பணிவாக மூடியைத் திறந்து, கரைந்துபோயிருந்த ஐஸை ஒதுக்கிக் காட்டினார். அப்போதுதான் அந்தக் கூச்சல்.

அவர் இரண்டு கையாலும் டிஸ்கை அள்ளி எடுத்தார். ஒரு மூலையிலிருந்து மீன் வாடையோடு தண்ணீர் சொட்டியது. அதில் ஒரு இறால் மீசையும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை.

"இதோட ஒரு பை வந்திருக்குமே, அது எங்க?" என்றார் ஆபீஸ் அம்மா.

"குளிர் ஏறாதுன்னு எடுத்துட்டேம்மா" என்றார் நைனா. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சூடு ஆவாதுன்னு பாப்பா சொல்லிச்சு. குடை படம் வேற போட்டிருந்திச்சி. நாங்க மீன் புடிக்கிறவங்கம்மா, எங்களுக்கு இன்னா தெரியும்? ஐஸ்தாம்மா தெரியும்."

ஆபீஸ் அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மெட்ராஸ் பையன்களும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். "உங்கமேல தப்பில்லைங்க. நான்தான் சொல்லி அனுப்பியிருக்கணும்" என்று நைனாவைத் தேற்றி அனுப்பினார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்து நான் அவள் பக்கமே போகவில்லை.

டிஸ்கைத் துடைத்து மூன்று நாள் அரிசிக்குள் புதைத்து வைத்தார்கள். நான்காம் நாள் அக்கா அதைப் பூட்டினாள். குப்பத்தில் பாதிப் பேர் ஜன்னலில். கண்ணாடி வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மெக்கானிக் சொன்னபடி முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டாள். குட்டித் தொப்பியை இடம் மாற்றினாள். சட்டத்தில் வைத்துத் தள்ளியதும் டிஸ்க் அந்த வெற்றிடத்துக்குள் அளவெடுத்துச் செய்ததுபோலப் போய் உட்கார்ந்தது. நான்கு திருகாணி, வார், மின்சாரக் கம்பி. ஒன்றுகூடத் தப்பில்லை.

ஆபீஸ் அம்மா சுவிட்சைப் போட்டார். மூத்த டிஸ்க் வழக்கம்போல முனகிக்கொண்டு எழுந்தது. அப்புறம் புதியது சுற்றத் தொடங்கியது. அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அதே நொடியில் உள்ளேயிருந்து, காய்ந்த மணலில் படகை இழுப்பதுபோல ஒரு சத்தம். நாலைந்து தரம் இழுத்தது. ஒரு தட்டு தட்டியது. நின்றுவிட்டது. சுவிட்சை எத்தனை தரம் போட்டும் அது மறுபடி எழவில்லை.

தலைமை ஆபீஸ் இன்னொன்று அனுப்ப மறுத்துவிட்டது. ஆடி முடிவதற்குள் ஆபீஸைக் காலி செய்தார்கள். கம்ப்யூட்டர் மறுபடி இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் ஏரியைத் தாண்டிப் போனது. ஆடுகள் திரும்பி வந்தன. ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அத்தை மகன் நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவை ஒரு கடுஞ்சொல் சொன்னவர் இல்லை.

அவள் வாழ்க்கையை ஐஸில் போட்டவள் நான்தான் என்ற எண்ணம் எனக்கு வருஷக்கணக்கில் இருந்தது. பள்ளியில் வாத்தியார் கேள்வி கேட்டால்கூட, பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். நைனாதான் அந்தப் பாரத்தை இறக்கி வைத்தார். எந்த விசேஷமானாலும் நான்கு பேரைக் கூட்டி அந்தக் கதையை எடுத்துவிடுவார். குடை, இறால் மீசை, ஆபீஸ் அம்மாவின் கூச்சல் எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். "எங்களுக்கு ஐஸ்தாம்மா தெரியும்" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சிரித்துச் சிரித்து என் குற்றமும் கரைந்துபோனது. அவர் கடைசி மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தது அக்கா வீட்டில்தான். குளிப்பாட்டி, சோறூட்டி, ரேடியோவைத் தலைமாட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது அக்காதான்.

போன தை மாதம் சுண்ணாம்புக்குளத்தில் அக்காவின் பேத்திக்குக் காதுகுத்து. பெண்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தோம். நைனா இல்லாததால் கதை சொல்லும் பொறுப்பு இப்போது என்னுடையது. குடையிலிருந்து ஆரம்பித்தேன். பாயின் கேள்விக்கு வந்தபோது எல்லோரும் சிரித்துச் சாய்ந்துவிட்டார்கள். அக்கா உரித்துக்கொண்டிருந்த இறாலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தப் பையி இன்னாடி ஆச்சு?"

"எந்தப் பை? வெள்ளிப் பையா? அத ரேடியோவுக்குப் போட்டாரு. தண்ணி பட்டா ரேடியோ கெட்டுப்..."

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பாதியில் என் வாய் நின்றுவிட்டது. கையிலிருந்த இறால் நழுவித் தண்ணீர்ச் சட்டியில் விழுந்தது. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த இறாலை எடுத்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஐஸ் பெட்டியைத் திறந்த அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பிய அக்கா, வீட்டுக்குள் வந்ததும் ஆணியில் மாட்டியிருந்த ரேடியோவின் முன்னால் நின்றுவிட்டாள். வெள்ளிப் பைக்குள் அது ஒரு சொட்டு ஈரமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டாலும் திரும்பாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்மேல் கோபமாக இல்லை, பாட்டுக் கேட்கத்தான் நிற்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய், பைக்கு மேலாகவே குமிழைத் திருகி, அவளுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.